சோதனைச்சாவடியில் வாகனம் மறிக்கப்பட்டால்: மட்டக்களப்பு, அம்பாறைப் பயணிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கைக்கு நில எல்லை இல்லை. ஆனால் மட்டக்களப்பிலிருந்து ஓட்டமாவடி, புனானை, வெலிக்கந்தை வழியாகக் கொழும்புக்குப் போகிறவர்களும், செங்கலடியிலிருந்து மஹாஓயா வழியாகப் பதுளைக்கு ஏறுகிறவர்களும், அக்கரைப்பற்று, பொத்துவில் தாண்டி சியம்பலாண்டுவைக்குத் திரும்புகிறவர்களும் மாகாண எல்லையை ஓர் எல்லைக்கடவை போலவே பல ஆண்டுகள் கடந்தார்கள். போர் முடிந்த பிறகும் நிலைமைக்கு ஏற்ப மறிப்புகள் வந்து போகின்றன. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு வந்தன. 2024 ஒக்டோபரில் அறுகம்பைக்குப் பாதுகாப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது வந்தன. ஐஸ் போதைப்பொருளுக்காக இன்றும் வாகனங்கள் மறிக்கப்படுகின்றன.

மறிக்கப்படும்போது சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு தூரம் நிற்கிறது, எந்த இடத்தில் நிற்காது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். சாவடியில் அதைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. அங்கே வாக்குவாதத்தில் வெல்வதும் அரிது. அங்கே அமைதியாக நடந்து, எல்லாவற்றையும் கவனித்துவைத்து, பிறகு எழுத்தில் கேட்பதுதான் பலன் தந்த வழி. இந்த வழிகாட்டி முழுவதும் அதை நோக்கியே எழுதப்பட்டது.

முதலில்: மறிப்பது யார், எந்தச் சட்டத்தில்?

சீருடையைப் பாருங்கள். காக்கி உடுத்தவர் பொலிஸ். புள்ளிச் சீருடையில் நிற்கும் விசேட அதிரடிப்படையும் பொலிஸ்தான்; இராணுவம் அல்ல. இதை நம்மில் பலர் மாற்றி நினைக்கிறார்கள். அதிரடிப்படை அலுவலருக்குப் பொலிஸின் அதிகாரம் இருப்பதுபோல பொலிஸுக்குரிய கட்டுப்பாடும் இருக்கிறது. முறைப்பாடும் பொலிஸ் மீதான முறைப்பாடாகவே போகும். இராணுவம் அப்படியல்ல. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டிருந்தாலோ, 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி மூலம் படையினர் அழைக்கப்பட்டிருந்தாலோதான் அவர்களுக்கு வீதியில் தேடும் அதிகாரம் வருகிறது. 2019 தாக்குதலுக்குப் பிறகு வந்த அவசரகால நிலை அதே ஆண்டு ஓகஸ்டில் முடிந்தது. ஆகவே ஒரு சோதனை சட்டபூர்வமானதா என்ற கேள்விக்கு, அது நடந்த திகதியில் எது நடைமுறையில் இருந்தது என்பதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். திகதியைக் குறித்துவைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொலிஸ் மறித்தால் அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் மறிப்பது ஒன்று. வாகனத்தை நிறுத்தச் சொல்லலாம், லைசன், வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ் ஆகியவற்றைப் பார்க்கலாம், வாகனம் ஓடத் தகுந்ததா என்று பார்க்கலாம். டிக்கிக்குள் இருக்கும் பையைக் கிளற இது மட்டும் போதாது.

ஒரு குறிப்பிட்ட குற்றம் பற்றிய நியாயமான சந்தேகத்தில் மறிப்பது அடுத்தது. போதைப்பொருள், கசிப்பு, களவுப்பொருள், மரம், மணல், மாடு எல்லாம் இதில் அடங்கும். இவற்றுக்கான சட்டங்கள் சந்தேகம் இருக்கும் இடத்தில் நீதவானின் ஆணை இல்லாமலே வாகனத்தைத் தேட இடம் தருகின்றன.

மூன்றாவது பயங்கரவாதத் தடைச் சட்டம், அதாவது 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். அதன் 6ஆம் பிரிவு வாகனத்தை மறித்துத் தேடவும், பொருளைக் கைப்பற்றவும், ஆளைக் கைது செய்யவும் ஆணையின்றி அதிகாரம் தருகிறது. ஆனால் எல்லோருக்கும் அல்ல. பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவருக்கும், அவரால் எழுத்தில் அதிகாரமளிக்கப்பட்ட, உப பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாத ஒருவருக்குமே அந்த அதிகாரம். சாவடியில் நிற்கும் கான்ஸ்டபிள் தனியாக அந்தப் பிரிவைப் பிடித்துக்கொள்ள முடியாது.

புறப்படும் முன்

ஆவணங்களைக் காகிதமாக எடுத்துச் செல்லுங்கள். அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், வாகனப் புத்தகத்தின் பிரதி எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். போனில் படமாக வைத்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆவணத்தைக் காட்டத் திறந்த போனைக் கையில் கொடுத்துவிட்டால், பிறகு அது எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் வரை பார்க்கப்படும் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

வாகனம் உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் கையொப்பமிட்ட கடிதமும் அவரது அடையாள அட்டைப் பிரதியும் வேண்டும். மச்சானின் பைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிற பொடியன்மார் பாதி நாளைச் சாவடியில் தொலைப்பது இதனால்தான்.

புறப்படும் முன் வாகனத்தை நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். டாஷ்போர்ட் பெட்டி, சீற்றுக்கு அடியில், ஸ்பெயார் டயர் இருக்கும் குழி, மோட்டார்சைக்கிளின் பக்க மூடி, ஓட்டோவின் பின்சீற்றுக்குப் பின்னால் உள்ள இடம். வாடகை வாகனமானால் இது கட்டாயம். வயல் வேலைக் கத்தி, கோடாலி போன்றவற்றைச் சாக்கில் சுற்றிப் பின்பக்கம் கட்டுங்கள். சாரதி சீற்றுக்கு அருகில் ஒரு கத்தி கிடந்தால் அதற்கு விளக்கம் சொல்லும் வேலை உங்களுடையதாகிவிடும்.

கல்முனையிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் கொழும்பு பஸ்களில் பார்சல் ஏற்றும் நடத்துனர்களுக்கும் சாரதிகளுக்கும் ஒரு வார்த்தை. அனுப்புகிறவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், பார்சலுக்குள் என்ன என்று அவர் சொன்னது ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். போதைப்பொருள் சட்டத்தில் ஹெரோயின் 2 கிராம், ஐஸ் 5 கிராம் என்ற அளவை எட்டினால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். ஐஸுக்கான ஏற்பாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அந்த அளவு ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் அடங்கும். கொப்பியில் இருக்கும் ஒரு வரிதான் உங்களைச் சாட்சியாக வைத்திருக்கும். அது இல்லாவிட்டால் சந்தேகநபர்.

மறித்தவுடன்

இடது ஓரம் கட்டுங்கள். இரவானால் உள் விளக்கைப் போட்டு ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள். எஞ்சினை நிறுத்தி, கைகள் தெரியும்படி இருங்கள். உறைக்குள் கைவிடும் முன் "ஆவணம் எடுக்கிறன் சேர்" என்று சொல்லிவிட்டு எடுங்கள். பதற்றமான காலங்களில் திடீரென்று குனிவதுதான் அலுவலரை அச்சப்படுத்துகிறது.

அடையாள அட்டை கேட்டால் காட்டுங்கள். அதை மறுப்பதில் பயனில்லை. அதைப் படம் எடுக்கக் கேட்டாலோ, குடும்ப விபரம், தொலைபேசி இலக்கம், மதம் என்று கேள்வி நீண்டாலோ, "இது எந்த விசயத்துக்காகப் பதியிறீங்க சேர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். போக்குவரத்துக் குற்றத்துக்காக லைசனை எடுத்துக்கொண்டால் பதிலுக்குத் தண்டப்பத்திரம் தர வேண்டும். 14 நாட்களுக்கு அதுவே உங்கள் தற்காலிக லைசன். பத்திரம் இல்லாமல் லைசனை வைத்துக்கொண்டு "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா" என்பது முறையல்ல. அந்த இடத்திலேயே பத்திரத்தைக் கேளுங்கள்.

அடுத்து, டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். பெரும்பாலானோர் ஒரு வார்த்தையும் கேட்காமல் திறந்துவிடுகிறார்கள். அப்படித் திறந்தால் நீங்களே சம்மதித்துக் காட்டியதாகப் பிறகு சொல்லப்படும். திறக்க மறுத்துச் சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. திறக்கும் முன் ஒரு கேள்வி: "என்ன விசயத்துக்காகப் பாக்கிறீங்க சேர்?" சிங்களம் மட்டும் பேசுகிறவரானால், "சேர், காரணய மொகக்த?" அவர் சொல்லும் பதில் முக்கியம். போதைப்பொருள் என்கிறாரா, பயங்கரவாதத் தடைச் சட்டம் என்கிறாரா, "சும்மா, றொட்டின்" என்கிறாரா? அதை அப்படியே மனதில் வையுங்கள். திருப்தியான பதில் வராவிட்டால், "நான் சம்மதிக்கவில்லை, ஆனா தடுக்கவும் மாட்டன்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். உங்கள் உரிமை பத்திரமாக இருக்கும், உங்கள் மீது கடமைக்கு இடையூறு செய்ததாக வழக்கும் வராது.

தேடும்போது

கண் வாகனத்திலேயே இருக்க வேண்டும். "நீ அங்கால போய் நில்" என்று அனுப்பினால், "நான் பக்கத்தில நிண்டு பாக்கிறன் சேர்" என்று கேளுங்கள். ஒரு பகுதி முடிந்த பிறகு அடுத்தது என்று தேடச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. இருவர் இரண்டு பக்கத்தில் தேடினால் நீங்கள் ஒரு பக்கம், கூட வந்தவர் மறுபக்கம். பணப்பையை முழுவதாகக் கொடுக்காதீர்கள். உங்கள் கையாலேயே பிரித்துக் காட்டுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமானால் காசை எல்லோர் முன்னும் எண்ணிச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பெண்களைச் சோதிப்பது பெண்ணாகவே இருக்க வேண்டும், அதுவும் கண்ணியத்துக்குக் குறைவில்லாமல். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்வது அதுதான். சாவடியில் பெண் பொலிஸ் இல்லையென்றால் வரும்வரை காத்திருப்பதாகச் சொல்லுங்கள். அல்லது பெண் அலுவலர் இருக்கும் நிலையத்துக்குப் போகலாம் என்று சொல்லுங்கள். அவசரமாக ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஹிஜாபையோ முகத்திரையையோ விலக்கிக் காட்டச் சொன்னால் மறைவான இடமும் பெண் அலுவலரும் கேட்கலாம். கைப்பையில் உள்ள உள்ளாடை, மருந்து, மாதவிடாய்ப் பொருட்களை வீதியில் எடுத்துப் பரப்பிவைப்பது தேவையில்லாத அவமானம். அப்படி நடந்தால் அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

ஏதாவது கிடைத்துவிட்டது என்று சொன்னால் அதைத் தொடாதீர்கள். கைரேகை அதில் ஏறும். அந்த இடத்தில் நீண்ட விளக்கமும் வேண்டாம். பெயர், முகவரி சொல்லுங்கள். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. பொருளை உங்கள் முன்னால் நிறுக்கவும் முத்திரையிடவும் கேளுங்கள். எடை எத்தனை கிராம் என்பதை நீங்களும் பாருங்கள். மேலே சொன்ன 2 கிராம், 5 கிராம் என்ற கோடுகளால் அந்த எண்ணிலேயே வழக்கின் தலைவிதி தங்கியிருக்கிறது. வெற்றுத்தாளில் கையொப்பம் ஒருபோதும் வேண்டாம். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம் விளங்காவிட்டால், தமிழில் எழுதச் சொல்லுங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி. மறுத்தால் "வாசித்து விளங்கவில்லை" என்று தமிழில் எழுதி அதன் கீழ் கையொப்பமிடுங்கள். சாதாரண வழக்கில் பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் உங்களுக்கு எதிரான சாட்சியமாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அதற்கு மேற்பட்டவரும் பதிந்தது ஏற்கப்படலாம். யார் முன்னால் பேசுகிறீர்கள் என்பதை அறிந்து பேசுங்கள்.

போன்

இன்று சாவடியில் டிக்கியைவிட அதிகம் வெளியே கொட்டுவது போன்தான். வட்ஸ்அப் குழு, முகநூல், குடும்பப் படங்கள், வங்கிச் செயலி எல்லாம் அதில். இலங்கை அரசியலமைப்பில் தனியுரிமை ஒரு தனி அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. இது பெரிய குறை. 1980இல் இலங்கை ஏற்றுக்கொண்ட குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரை தனியுரிமையைக் காக்கிறது. ஆனால் அந்த உடன்படிக்கையின் பெயரால் இயற்றப்பட்ட 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தில் அந்த உறுப்புரை இல்லை. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு முகநூல் பதிவுகளுக்காக ஆட்களைக் கைதுசெய்யவே பயன்பட்டிருக்கிறது.

கையில் இருப்பது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழான விசாரணைக்குத் தகவல் எடுக்கப் பொதுவாக நீதவானின் ஆணை வேண்டும். அவசரம், சாட்சியம் அழியும் ஆபத்து போன்ற நிலைகளுக்கு விதிவிலக்கு உண்டு. கணினியைத் திறந்து பார்க்கும் பொலிஸ் அலுவலருக்கு அதற்கான அறிவு இருப்பதாகப் பொலிஸ் மா அதிபர் எழுத்தில் சான்றளித்திருக்கவும் வேண்டும். வீதியோரத்தில் நிற்கிறவர் விரலால் தள்ளித்தள்ளி உங்கள் குறுஞ்செய்திகளைப் பார்ப்பது இந்த முறைக்குள் வருவதில்லை.

செய்ய வேண்டியவை இவை. பயணத்துக்கு முன் விரல்ரேகைத் திறப்பை நிறுத்தி ஆறிலக்கக் குறியீடு போடுங்கள்; உங்கள் விரலைப் பிடித்து வைக்க ஒரு நொடி போதும். ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் முகத்திறப்பு நின்றுவிடும். கேட்டால், "கோட்ஸ் ஓடர் இருந்தாத் தாறன் சேர்" என்று சொல்லுங்கள். மறித்த பிறகு எதையும் அழிக்காதீர்கள். ஒன்றுமில்லாத போனிலிருந்து அழித்தாலும் அது சாட்சியத்தை அழித்ததாகத்தான் தெரியும். போனைக் கைப்பற்றினால் பட்டியலும் பற்றுச்சீட்டும் கேளுங்கள். நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தினால் வரும் அடையாள இலக்கத்தை வீட்டில் முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். அதிகாரபூர்வமான தடுப்புக் காவலில் இருப்பவருக்கு இந்த மறுப்பெல்லாம் எளிதல்ல. அங்கே முதல் வார்த்தை சட்டத்தரணி வேண்டும் என்பதுதான்.

"ஸ்டேஷனுக்கு வா" என்றால்

அழைத்துப் போவது கைதா, இல்லையா? இதற்கு உயர் நீதிமன்றம் தெளிவான பதில் தந்திருக்கிறது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒருவரைப் பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொன்னதே கைது என்று நமசிவாயம் எதிர் குணவர்த்தன வழக்கில் தீர்ப்பானது. கட்டுநாயக்கவிலிருந்து வந்த சுங்க அலுவலர்களின் வாகனங்களை வழியில் மறித்துச் சோதித்து, கூட வரச் சொன்ன பியசிறி எதிர் பெர்னாண்டோ வழக்கிலும் அப்படியே. என்ன குற்றம் என்றே தெரியாமல், தேடினால் ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஒருவரைக் கைதுசெய்ய முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே "இது கைதா? என்ன காரணம்?" என்று கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியது அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை இட்ட கடமை. சாதாரணச் சட்டத்தில் பயண நேரம் நீங்க 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 72 மணித்தியாலம். தடுப்பு ஆணை போட்டால் மூன்று மூன்று மாதமாக நீட்டலாம், 2022 திருத்தத்துக்குப் பிறகு உச்ச எல்லை 12 மாதம். இந்தச் சட்டத்தில் கைதானால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். வீட்டார் அதற்காகக் காத்திருக்காமல் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்குத் தாமே அழைக்கலாம்.

மணல், மரம், மாடு ஏற்றுகிறவர்களுக்கு

டிப்பர், பட்டா, கன்டர் ஓட்டுகிறவர்களின் சிக்கல் வேறு வகை. மணல் அனுமதிப்பத்திரத்தில் வாகன இலக்கம், கியூப் அளவு, திகதி, பாதை ஆகிய நான்கும் ஏற்றிய சுமையோடு ஒத்துப்போக வேண்டும். பத்திரம் வீட்டில் இருந்தால் இல்லாததற்குச் சமம். மாடு ஏற்ற 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழான அனுமதியும், மரத்துக்கு வனச் சட்ட அனுமதியும் வேண்டும். இவற்றில் வாகனமே பறிமுதலாகலாம். சாரதி செய்தது தனக்குத் தெரியாது என்று உரிமையாளர் சொன்னால் போதாது. குற்றம் நடவாமல் தடுக்கத் தேவையான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்ததை நிரூபிக்க வேண்டும். சாரதிக்கு எழுத்தில் கொடுத்த அறிவுறுத்தல், அதில் அவரது கையொப்பம், ஓட்டப் பதிவுக் கொப்பி ஆகியவை அந்த நாளில் உதவும்.

விமான நிலையமும் கப்பலும்

கட்டுநாயக்கவிலோ பலாலியிலோ, காங்கேசன்துறை, நாகப்பட்டினம் கப்பலிலோ சுங்கத்துக்குப் பைகளைத் திறக்க ஆணை தேவையில்லை. வீதியில் கேட்கும் கேள்விகள் அங்கே செல்லாது. ஆனால் உடற்சோதனை வேறு. 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டத்தின்படி, சோதிக்கும் முன் உங்களை மேலதிகாரியிடமோ நீதவானிடமோ கொண்டுபோகக் கேட்கலாம். சந்தேகத்துக்கு நியாயமுண்டா என்று அவர் தீர்மானிப்பார். பெண்ணைப் பெண்தான் சோதிக்கலாம்.

வீட்டுக்கு வந்த அன்றிரவே

படுக்கும் முன் எழுதுங்கள்: திகதி, நேரம், கிலோமீற்றர் கல் அல்லது அருகிலுள்ள கோயில், பள்ளி, கடை, சீருடையின் நிறம், தோளிலோ மார்பிலோ இருந்த இலக்கம், அவர்களது வாகன இலக்கம், சொன்ன சொற்கள் அப்படியே, கூட இருந்தவர்கள். சாவடியில் போனைத் தூக்கி வீடியோ எடுப்பதைவிட இதையே நாம் பரிந்துரைக்கிறோம். வீடியோ எடுக்கத் தொடங்கியதும் பேச்சு சோதனையை விட்டுப் போனுக்குத் தாவிவிடுகிறது. அடித்திருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ அனுமதியாகி, யார் அடித்தது என்று வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லி, சட்டவைத்திய அதிகாரி பார்க்கும்படி கேளுங்கள். விழுந்துவிட்டேன் என்று சொன்ன நோயாளிக்கு நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை.

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே உண்டு. அது கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டை மட்டும் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போகலாம். ஆளையே காணவில்லையென்றால் ஆட்கொணர்வு மனுவை ஊரிலுள்ள மேல் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம்.

நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கு எதிராக வென்ற வழக்குகளும் உண்டு. வவுனியா சிதம்பரபுரம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தவர்களின் பயண அனுமதிக் கட்டுப்பாடு, அரசியலமைப்பின் 14(1)(எச்) உறுப்புரை காக்கும் நடமாட்டச் சுதந்திரத்தை மீறியது என்று 2002இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவரும் முகாமில் வாழ்ந்த ஒரு சாதாரண மனிதர்தான்.

மனு போடும் அளவுக்கு இல்லாத, ஆனால் ஒவ்வொரு வாரமும் மறிக்கிற ஒரு சாவடி என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். பொலிஸின் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டியது மூன்று கேள்விகள்: இந்தச் சாவடி எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் இயங்குகிறது, யாருடைய எழுத்து மூல உத்தரவு, என்ன திகதி. 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் வர வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி, மேன்முறையீட்டுக்காகப் பத்திரப்படுத்துங்கள்.